திரும்ப முளைக்கும் தானே?

அக்சலோட்டல் வளர்க்கிற யாரிடமாவது போய், "என்ர குஞ்சொண்டின்ர காலை மற்றது கடிச்சுப் போட்டுது" என்று சொல்லிப் பாருங்கள். அநேகமாக வருகிற பதில் ஒன்றுதான். "பரவாயில்லை, திரும்ப முளைக்கும் தானே?" ஆறுதலுக்குத்தான் சொல்கிறார்கள். பொய்யும் இல்லை, முளைக்கும். ஆனால் தொட்டிக்குள் கடிபாடு ஓயாமல் நடப்பதற்கு இந்த ஒரு வசனமும் ஒரு காரணம் என்று எனக்குக் கொஞ்ச நாளாகப் படுகிறது. அதைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். (வங்குரோத்துச் சட்டம் பற்றி எழுதுவதாகப் போனமுறை சொன்னது ஞாபகம் இருக்கிறது. அது பரீட்சைக்குப் பிறகு.)

முதலில், இந்தப் பிராணியைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இங்கே அவுஸ்திரேலியாவில் இதை "மெக்சிக்கோவின் நடக்கும் மீன்" என்று சொல்லி விற்கிறார்கள். நடப்பது உண்மை, மீன் என்பது பொய். இது தவளையின் தூரத்துச் சொந்தம், சலமந்தர் வகை. தவளைக்கு வாற்பேத்தைப் பருவம் இருப்பதுபோல சலமந்தர்களுக்கும் தண்ணீருக்குள் இருக்கிற ஒரு குடம்பிப் பருவம் உண்டு. மற்றச் சலமந்தர்கள் அந்தப் பருவம் முடிய செவுளை இழந்து கரைக்கு ஏறிவிடும். அக்சலோட்டல் ஏறாது. தலையின் இரண்டு பக்கமும் மும்மூன்று இறகு மாதிரிச் செவுள்களோடு, சாகும்வரைக்கும் தண்ணீருக்குள்ளேயே பிள்ளைப் பருவத்தில் இருக்கும். அப்படியே இனமும் பெருக்கும். சொந்த ஊர் மெக்சிக்கோ நகரின் தெற்கில் இருக்கிற சொச்சிமில்கோ ஏரியும் வாய்க்கால்களும். 1864-இல் பாரிசில் ஒகுஸ்த் துமேரில் என்ற ஆய்வாளர் கையில் ஆறு அக்சலோட்டல்கள் கிடைத்தன. உலகத்தின் ஆய்வுகூடங்களில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்தக் கூட்டத்தின் வழிவந்தவைதான்.

ஆய்வுகூடக்காரர்களுக்கு இதில் அவ்வளவு ஆசை வரக் காரணம், வெட்டினால் முளைக்கும் என்பது. கால், வால், செவுள், முள்ளந்தண்டில் ஒரு பகுதி, இதயத்தில் ஒரு துண்டு என்று பலதையும் திரும்ப உண்டாக்கிக்கொள்ளும். எங்களுக்கு வெட்டுக்காயம் ஆறினால் தழும்பு மிஞ்சும். இதற்குக் கால் மிஞ்சும்.

சரி, இனி எங்கள் வீட்டுக் கதை. இங்கே மெல்பேணில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்திருக்கிற வாடகை வீட்டில், ஒருவனுக்குத் திடீரென்று பிராணி வளர்க்கும் ஆசை வந்தது. நாய், பூனைக்கு வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார். தொட்டிக்குள் இருந்தால் பிரச்சினையில்லை என்று அவனாகவே ஒரு சட்டவிளக்கம் கொடுத்துக்கொண்டு, ஆறு அக்சலோட்டல் குஞ்சுகளோடு வந்து சேர்ந்தான். கடைக்காரர் "எல்லாம் ஒரு தாயின் பிள்ளைகள், ஒன்றாக விடலாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அறுபது சென்ரிமீற்றர் நீளத் தொட்டி. ஆறுக்கும் பெயர் வைத்தாயிற்று. புட்டு, சொதி, சம்பல், வடை, ரோல்ஸ், பற்றிஸ். (பெயர் வைத்த நேரம் நாலு பேருக்கும் சரியான பசி என்பதைச் சொல்லத் தேவையில்லை.)

ஒரே தாயின் பிள்ளைகள் என்றாலும் எல்லாம் ஒரே அளவில்லை. ரோல்ஸ் ஏழு சென்ரிமீற்றர் இருக்கும். சொதி ஐந்துகூட முழுசாக வராது. ஐந்தாம் நாள் காலை பார்த்தால் சொதியின் வலது முன்னங்கால் முழங்கைக்குக் கீழே இல்லை. அடுத்த இரண்டு நாளில் புட்டுவின் ஒரு செவுள் பாதியாகிவிட்டது.

நண்பன் உடனே துப்பறிய ஆரம்பித்தான். யார் செய்தது? ஆக்களில் பெரியவன் ரோல்ஸ், ஆகவே ரோல்ஸ்தான் ரவுடி. ரோல்ஸைப் பிடித்து ஒரு ஐஸ்கிரீம் பெட்டிக்குள் தண்ணீர் விட்டுத் தனியாகப் போட்டான். மூன்று நாள் ஊர் அமைதி. நாலாம் நாள் சம்பலின் வால் நுனியைக் காணவில்லை. இந்தமுறை சந்தேகம் வடை மேல். ரோல்ஸுக்கு அடுத்த பெரியவன் வடைதான். "இவனும் ரவுடியா மச்சான்?" என்று கேட்டான். அவனுடைய கணக்கில் எங்கள் தொட்டிக்குள் கிழமைக்கு ஒரு ரவுடி உருவாகிக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில்தான் நான் இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க விளங்கிய முதல் விசயம், சண்டை என்ற சொல்லே இங்கே பொருந்தாது என்பது. நாய் உறுமும், சேவல் சிலிர்க்கும், ஃபைட்டர் மீன் செட்டையை விரித்துக் காட்டும். அவையெல்லாம் எதிரியைப் பார்த்து, இவன் என் எதிரி என்று தெரிந்து செய்கிற வேலைகள். அக்சலோட்டல் குஞ்சு கடிப்பதற்கு முன்னால் அப்படி ஒன்றும் செய்வதில்லை. கடித்த பிறகும் துரத்துவதில்லை. கடிபட்டது துள்ளி ஓடும், கடித்தது அந்த இடத்திலேயே ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்.

காரணம் அது சாப்பிடுகிற முறையில் இருக்கிறது. அக்சலோட்டலுக்குக் கண்பார்வை மட்டம். மணத்தை வைத்தும், தோலில் இருக்கிற உணரிகள் மூலமாகத் தண்ணீரின் அசைவையும் மற்ற உயிர்களின் உடம்பிலிருந்து வருகிற மிகச் சிறிய மின்சாரத்தையும் உணர்ந்தும்தான் இரையைக் கண்டுபிடிக்கிறது. வாய்க்குப் பக்கத்தில் ஏதாவது அசைந்தால் சட்டென்று வாயைத் திறக்கும். திறந்த வேகத்தில் தண்ணீரோடு சேர்த்து அந்தப் பொருளும் உள்ளே உறிஞ்சப்படும். இவ்வளவும் கண்மூடித் திறக்கும் நேரத்தில் முடிந்துவிடும். உள்ளே போனது புழுவா தம்பியின் காலா என்று பார்ப்பதற்கு நேரமில்லை. பார்க்கிற கண்ணும் இல்லை. முட்டையிலிருந்து வந்த புதிதில் குஞ்சுகள் அசைகிற உணவைத்தான் எடுக்கும், அசையாததைத் தொடாது. அசைவது எல்லாம் சாப்பாடு என்ற பாடத்தோடுதான் வாழ்க்கையே ஆரம்பிக்கிறது. ஒரு சின்னத் தொட்டிக்குள், மெல்லிய விரல்களும் புழு மாதிரி ஆடுகிற செவுள்களுமாக இன்னும் ஐந்து பேர் பக்கத்தில் நின்றால் என்ன நடக்கும்?

இரண்டாவது விசயம், இந்தக் கடிக்கு ஒரு காலம் இருக்கிறது. முட்டையிலிருந்து வரும்போது ஒரு சென்ரிமீற்றர் அளவில், கால்களே இல்லாமல் இருக்கும். முதலில் முன்னங்கால் வரும், பிறகுதான் பின்னங்கால். முன்னங்கால் முளைக்கிற நாளிலிருந்து ஏழெட்டுச் சென்ரிமீற்றர் வளரும்வரை உள்ள காலம்தான் மோசம். அதற்குப் பிறகு குறையும். முற்றாக நிற்கும் என்று நம்பிக்கொண்டு இருக்கவும் கூடாது. கடைகளில் குஞ்சு விற்கிற அளவு எது என்று யோசியுங்கள். ஐந்து, ஆறு சென்ரிமீற்றர். மோசமான காலத்தின் நடுவில்தான் பெரும்பாலும் எங்கள் கைக்கு வருகிறது.

மூன்றாவது, கடியைக் கூட்டுகிற காரணங்கள். பசி ஒன்று. அளவு வித்தியாசம் இன்னொன்று. ஒன்றின் தலை மற்றதன் தலையைவிட நன்றாகப் பெரிதாக இருந்தால், சின்னது முழுசாகவே உள்ளே போய்விடும். நெரிசல் அடுத்தது. வெக்கையும் ஒரு காரணம். இவை குளிர்ந்த தண்ணீர்ப் பிராணிகள், 16 முதல் 18 பாகை செல்சியஸ்தான் சுகம். தண்ணீர் சூடாகும்போது உடம்பு வேகமாக வேலை செய்யும், பசியும் கூடும். ஒரு பெண் அக்சலோட்டல் ஒருமுறைக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அத்தனை குஞ்சும் ஒரே நேரத்தில் பொரித்து ஒரே இடத்தில் இரை தேடுகின்றன. கூடப்பிறந்ததும் இரைதான் என்ற ஏற்பாடு இல்லாவிட்டால் அவற்றில் சில தப்பிப் பெரிதாவது கஷ்டம். இதன் சொந்தமான புலிச் சலமந்தரில் இது இன்னும் ஒரு படி மேலே. நெரிசலான குளங்களில் அதன் குடம்பிகளில் சில, அகலமான தலையும் பெரிய பற்களுமாக உருவமே மாறி, தன் இனத்தைத் தின்பவையாக வளர்கின்றன. நெரிசல் சாப்பாட்டுப் பழக்கத்தோடு உடம்பின் அமைப்பையும் மாற்றிவிடுகிறது.

இதை வாசித்த பிறகு ரோல்ஸை ரவுடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரோல்ஸை எடுத்ததும் வடை கடித்தது. வடையை எடுத்திருந்தால் பற்றிஸ் கடித்திருக்கும். குற்றவாளியைத் தேடுகிறவரைக்கும் தொட்டியின் ஏற்பாடு அப்படியேதான் இருக்கும். அந்த ஏற்பாட்டில் யார் பெரியவனாக இருந்தாலும் அவன்தான் அடுத்த "ரவுடி".

"அப்ப ஆறையும் பிரிப்பம்" என்றேன். நண்பனுக்கு விருப்பமில்லை. அழகாக ஒரு தொட்டி வைத்து, செடி வைத்து, லைட் போட்டு வைத்திருக்கிறான். அதை விட்டுவிட்டு சமையலறை மேசையில் ஆறு பிளாஸ்ரிக் பெட்டியா? அவன் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. "விடு மச்சான், திரும்ப முளைக்கும் தானே?"

அவனுக்குப் பதில் சொல்வதற்காகத் தேடியபோதுதான் ஒரு ஆய்வு கண்ணில் பட்டது. அமெரிக்காவில் கென்ரக்கிப் பல்கலைக்கழகத்தில் அக்சலோட்டல்களுக்கென்றே ஒரு பெரிய வளர்ப்பு நிலையம் இருக்கிறது. உலகம் முழுக்க ஆய்வுகூடங்களுக்கு அங்கிருந்து முட்டையும் குஞ்சும் போகிறது. அங்கே இருக்கிற பிராணிகளின் கால்களை எண்ணிப் பார்த்து 2014-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கூட்டமாக வளர்த்துவிட்டுத் தனித்தனியாகப் பிரிக்கிற நேரத்தில், குஞ்சுகளில் 80 வீதமானவற்றில் கடிபட்ட அடையாளம் இருந்தது. வளர்ந்த 717 அக்சலோட்டல்களைப் பார்த்ததில் கிட்டத்தட்டப் பாதிக்கு ஏதோ ஒரு குறை. விரல் கூட, விரல் குறைய, விரல்கள் ஒட்டிப்போய், வரக்கூடாத இடத்தில் விரல் வந்து, இப்படி. பிறவிக் குறையாக இருக்குமோ என்று பார்ப்பதற்கு, குறையுள்ள கால்களைச் சரியான இடத்தில் சுத்தமாக வெட்டிவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். வெட்டிய கால்கள் ஒழுங்காக முளைத்தன. ஆக, பிழை பிறப்பில் இல்லை, கடியில். கடிபட்ட குஞ்சுகளில் 43 வீதம்தான் நாலு காலும் ஒழுங்கான தோற்றத்தோடு பெரிதாகும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

43 வீதம்! எங்கள் யூனியில் ஐம்பது எடுத்தால்தான் பாஸ்.

கத்தியால் நேராக வெட்டிய காயமும் பல்லால் நசுக்கிப் பிய்த்த காயமும் ஒன்றில்லை என்பது யோசித்தால் விளங்குகிற விசயம்தான். ஆய்வுகூடத்தில் பார்த்த அற்புதம் முதல் வகைக் காயத்தில் நடந்தது. எங்கள் தொட்டியில் நடப்பது இரண்டாவது வகை. ஒரு கால் முளைத்துக்கொண்டிருக்கும்போதே அதே இடத்தில் இன்னொரு கடி விழுந்தால்? நெரிசல் தொட்டியில் அதுவும் நடக்கும். நொண்டுகிறதைத்தான் அடுத்தமுறையும் இலகுவாகக் கடிக்கலாம்.

இனி நான் படிக்கிற பாடத்துக்கு வருகிறேன். (வர்த்தகப் பீடத்தில் இருந்துகொண்டு சலமந்தர் பற்றி எழுதுகிறானே என்று வகுப்பில் சிரிக்கிற ஆக்களுக்காக.) காப்புறுதி பற்றிப் படிக்கும்போது முதல் கிழமையிலேயே ஒரு விசயம் சொல்லித் தருவார்கள். காருக்கு முழுக் காப்புறுதி எடுத்தவனுக்குக் கவனம் கொஞ்சம் குறையும். இடித்தால் கொம்பனி பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு. அதைத் தடுக்கத்தான், நட்டத்தில் முதல் ஐந்நூறு டொலரை நீயே கட்டு என்று ஒரு நிபந்தனை வைக்கிறார்கள். நட்டத்தில் ஒரு துண்டு தன் பையிலிருந்தும் போகும் என்றால்தான் மனிதன் பிறேக்கில் கால் வைப்பான்.

அக்சலோட்டல் விசயத்தில் நடப்பதும் இதுதான். ஆனால் ஒரு வித்தியாசம். காப்புறுதி எடுத்து வைத்திருப்பது அந்தப் பிராணி. கட்டுப்பணத்தைக் கட்டுவதும் அதுதான். கவனம் குறைவது மட்டும் எங்களுக்கு. அதற்குக் கால் முளைக்கும் என்ற துணிச்சலில் நாங்கள் பெட்டி வாங்காமல் இருக்கிறோம், நேரத்துக்குச் சாப்பாடு போடாமல் இருக்கிறோம், ஆறை ஒரு தொட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறோம். எங்கள் பையிலிருந்து ஐந்து சதமும் போவதில்லை. நாய்க்குட்டி ஒன்று மற்றதன் காலைக் கடித்துத் துண்டித்திருந்தால் இதே வீட்டில் இதே நாலு பேரும் அன்றைக்கே ஏதாவது செய்திருப்போம். நாய்க்குக் கால் முளைக்காது என்பதுதான் வித்தியாசம். வலி குறைவு என்று யாரும் நிரூபித்ததால் இல்லை.

முளைப்பதும் இலவசமில்லை. கால் செய்வதற்கு உடம்பிலிருந்துதான் எல்லாம் எடுக்கவேண்டும். வளர்கிற வயதில் உடம்பை வளர்க்கப் போகவேண்டிய சாப்பாடு காலுக்குப் போகிறது. காயம் திறந்திருக்கும் நாட்களில் தண்ணீர் அழுக்காக இருந்தால் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். சின்னக் குஞ்சுக்கு அது உயிராபத்து. செவுள் போனால் மூச்சே பாதிக்கும்.

இதையெல்லாம் ஒரு இரவு சாப்பிட்டுக்கொண்டே நண்பனுக்குச் சொன்னேன். 80 வீதத்துக்கு அவன் அசையவில்லை. "ஆய்வுகூடத்திலயே அப்பிடியெண்டா நாங்கள் எம்மாத்திரம்?" என்றான். 43 வீதத்துக்குத்தான் கரண்டியை வைத்தான். அடுத்தநாள் வேலை முடிந்து வரும்போது மூடி போட்ட ஆறு பெட்டிகளோடு வந்தான். ஒன்று மூன்று டொலர். மொத்தம் பதினெட்டு டொலர். அவன் தொட்டிக்கு வாங்கிய லைட்டின் விலையில் பாதிகூட இல்லை.

பிறகு நாங்கள் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாருக்காவது பயன்படலாம்.

ஆளுக்கொரு பெட்டி. ஒவ்வொன்றிலும் ஒளிந்து இருக்க ஒரு சின்னத் துண்டு பைப். மணல், கல் ஒன்றும் இல்லை. கல்லையும் இரையென்று விழுங்கிவிடும், பிறகு வயிற்றில் அடைத்துக்கொள்ளும். பெட்டிகளை வீட்டில் வெயில் படாத, குளிரான மூலையில் வைத்தோம்.

தண்ணீர் தினமும் முழுசாக மாற்றவேண்டும். பெட்டியில் ஃபில்ற்றர் இல்லாததால் கழிவிலிருந்து வருகிற அமோனியா அப்படியே நிற்கும், அது செவுளைத் தின்னும். குழாய்த் தண்ணீருக்குக் குளோரின் நீக்கும் மருந்து விட்டு, முதல்நாள் இரவே வாளியில் வைத்துவிடுவோம். அப்போதுதான் மாற்றும்போது வெப்பநிலை ஒன்றாக இருக்கும். காலையில் நான், இரவில் அவன். ஒருமுறைக்கு இருபது நிமிடம்.

சாப்பாடு ஒரு நாளைக்கு இரண்டு தரம். உறைய வைத்த ரத்தப்புழு, உயிரோடு விற்கிற கறுப்புப் புழு, கொஞ்சம் வளர்ந்ததும் வெட்டிய மண்புழு. தனித்தனியாக இருப்பதில் இன்னொரு நன்மை இருக்கிறது. யார் சாப்பிட்டது, யார் சாப்பிடவில்லை என்று கண்ணால் பார்க்கலாம். ஒன்றாக இருந்தபோது சொதி சாப்பிடுகிறதா என்பதே எங்களுக்குத் தெரியாது. ரோல்ஸ் ஏன் ரோல்ஸாக இருந்தது என்பது தனியாக வைத்த பிறகுதான் தெரிந்தது. மற்றவர்களின் பங்கையும் அதுவே சாப்பிட்டிருக்கிறது. அதனால் பெரிதாகி, பெரிதானதால் இன்னும் கூடச் சாப்பிட்டு... வட்டிக்கு வட்டி போடுகிற கணக்கு. பிரித்து வைத்த இரண்டு மாதத்தில் சொதியும் மற்றவர்களை எட்டிப்பிடித்துவிட்டது.

வெயில் காலத்தில் மெல்பேணில் நாற்பது பாகை தாண்டுகிற நாட்கள் வரும். அந்த நாட்களில் போத்தலில் தண்ணீரை உறைய வைத்து, பெட்டிகளைச் சுற்றி அடுக்கி, ஒரு மின்விசிறியும் போட்டோம். பெட்டிக்குள் நேரடியாக ஐஸ் போடக்கூடாது, வெப்பநிலை சட்டென்று விழும்.

சொதியின் காலுக்கு வருவோம். முதல் சில நாளில் காயத்தை மெல்லிய தோல் மூடியது. பிறகு அதில் சின்ன மொட்டு ஒன்று. இரண்டாம் கிழமை மொட்டு நீண்டு தட்டையாகி, துடுப்பு மாதிரி வந்தது. பிறகு துடுப்பின் விளிம்பில் பள்ளங்கள் விழுந்து விரல்கள் பிரிந்தன. தினமும் காலையில் தண்ணீர் மாற்றும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். உண்மையைச் சொன்னால், நான் வாழ்க்கையில் பார்த்த ஆச்சரியங்களில் அது ஒன்று. ஆறு கிழமையில் முழுக் கால். நண்பன் வெற்றிப் புன்னகையோடு வந்து, "பாத்தியா, முளைச்சிட்டுது" என்றான்.

"விரலை எண்ணு" என்றேன்.

அக்சலோட்டலுக்கு முன்னங்காலில் நாலு விரல், பின்னங்காலில் ஐந்து. சொதியின் புதுக் காலில் மூன்று. அதில் ஒன்று கொஞ்சம் வளைந்து இருக்கிறது. நடப்பதற்கு ஒரு குறையுமில்லை. இரை பிடிப்பதற்கும் குறையில்லை. தெரியாதவர் பார்த்தால் கண்டுபிடிக்கவும் மாட்டார். ஆனால் பழையபடி வந்துவிட்டது என்று சொல்லமுடியாது. அவன் இரண்டாம் தரமும் எண்ணினான். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குத் தண்ணீர் மாற்றுகிற என்னுடைய முறையையும் அவனே செய்தான்.

ஏரியில் இவை எப்படித்தான் தப்பிப் பிழைக்கின்றன என்று கேட்கலாம். அங்கேயும் கடிக்கும். ஆனால் சொச்சிமில்கோவின் வாய்க்கால்களில் கடிபட்ட குஞ்சு துள்ளி ஓடினால் ஒளிய நீர்ச்செடியும் வேர்களும் இருக்கின்றன, இடம் இருக்கிறது. அறுபது சென்ரிமீற்றர் கண்ணாடிக்குள் துள்ளினால் அடுத்த வாய்க்கு முன்னால்தான் போய் விழும். அந்த ஏரியிலும் இப்போது நிலைமை நல்லதில்லை. வளர்ப்புக்காகக் கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலாப்பியாவும் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்கின்றன, நகரத்தின் கழிவு தண்ணீரைக் கெடுத்துவிட்டது. 1998-இல் ஒரு சதுர கிலோமீற்றருக்கு ஆறாயிரம் என்று மதிப்பிட்ட ஆய்வாளர்கள், 2014-இல் மதிப்பிட்டது 36. மெக்சிக்கோவின் 50 பெசோ நோட்டில் 2021-இலிருந்து அக்சலோட்டலின் படம் இருக்கிறது. காசில் இருக்கிற அளவுக்கு ஏரியில் இல்லை. எதை வெட்டினாலும் முளைக்கும் என்று பெயர் எடுத்த பிராணிக்கே இந்த நிலைமை.

எங்கள் ஆறுபேரும் இப்போது பதின்மூன்று, பதினான்கு சென்ரிமீற்றர். ஒரே அளவாக இருக்கிற நாலு பேரை ஒரு பெரிய தொட்டிக்கு மாற்றிவிட்டோம். ஆளுக்கொரு பைப், நடுவில் நிறையச் செடி, சாப்பாடு இடுக்கியால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்க்கு முன்னால். இதுவரை ஒரு கடியும் இல்லை. ரோல்ஸ் இன்னும் பெரியவன்தான், ஆகவே தனித் தொட்டி. சொதியும் தனியாகத்தான் இருக்கிறது. அதைக் கூட்டத்தில் விடுவதில்லை என்று தீர்மானித்தது நானில்லை, நண்பன். வயது வந்ததும் ஆணையும் பெண்ணையும் வேறு பிரிக்கவேண்டும், இல்லாவிட்டால் பெண் ஓய்வில்லாமல் முட்டையிட்டே களைத்துப்போகும். அது ஒரு வருடத்துக்குப் பிறகு வருகிற தலையிடி.

இதை வாசித்துவிட்டு யாருக்காவது அக்சலோட்டல் வாங்கும் ஆசை வந்தால் ஒரேயொரு வேண்டுகோள். ஒன்று வாங்குங்கள், போதும். அது தனிமையில் வாடாது, துணை தேடுகிற சாதியில்லை. இரண்டு வேண்டும் என்று மனம் கேட்டால், கடையிலிருந்து வெளிக்கிட முதலே இரண்டாவது பெட்டியையும் வாங்கிவிடுங்கள். மூன்று டொலர்தான்.